டிக் அடித்தால் ஆயிற்றா?

போன வாரம் எங்கள் ஓய்வூதியர் மாதக் கூட்டத்துக்கு ஓர் இளைஞர் வந்து பேசினார். நல்ல பிள்ளை. திரை கட்டி, படம் போட்டு, முக்கால் மணி நேரம். தலைப்பு, ஓய்வுக்குப் பிறகும் திட்டமிட்ட வாழ்க்கை. செய்ய வேண்டிய வேலைகளையெல்லாம் கைபேசியில் ஒரு செயலியில் போட்டுவிட வேண்டுமாம். அவசரம், முக்கியம் என்று நாலு கட்டமாகப் பிரிக்க வேண்டுமாம். பெரிய வேலையைச் சின்னச் சின்னதாக உடைக்க வேண்டுமாம். முடித்ததை டிக் அடித்துக்கொண்டே போனால் மூளை காலியாகி, மனம் லேசாகி, எழுபதிலும் இருபது போல இருக்கலாமாம். காராசேவும் காபியும் வந்துகொண்டிருந்த நேரம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் என் கை மேல் எனக்கே கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் எழுதுவது இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கைபேசி பயம் கிடையாது. மின்கட்டணம் அதில்தான் கட்டுகிறேன், பேத்தியை அதில்தான் பார்க்கிறேன், இந்தப் பக்கத்தையும் அதில்தான் ஒற்றை விரலால் தட்டி எழுதுகிறேன். அந்த மாதிரிச் செயலி ஒன்றை ஒன்றரை வருடம் ஒழுங்காகப் பயன்படுத்தியவன் நான். பயன்படுத்தாமலே திட்டுகிற ஆள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மாப்பிள்ளைதான் போட்டுக் கொடுத்தார். பெங்களூரில் கணினி வேலை. "மாமா, எல்லாத்தையும் இதுல போட்டுடுங்க. நீங்க எதையும் ஞாபகம் வெச்சுக்க வேணாம். அதுவே கூப்பிடும்" என்றார். போட்டேன். மாத்திரை, மோட்டார், பால் கணக்கு, வீட்டு வரி, கண் டாக்டர், கல்யாணப் பத்திரிகைக்குப் பதில், தென்னை மரத்துக்கு ஆள். முதல் வாரமே முப்பத்து நாலு வேலை சேர்ந்துவிட்டது. ஓய்வு பெற்றபோது எனக்கு வேலையே இல்லை என்று நினைத்திருந்தேன்! முடித்ததைத் தொட்டால் மணி அடித்தது போல ஒரு சின்னச் சத்தம், மேலே ஒரு கோடு. நாள் தவறிய வேலை சிவப்பாகிவிடும். தொடர்ந்து எத்தனை நாள் எல்லாம் முடித்தேன் என்று ஒரு கணக்கு வேறு காட்டும். அந்தக் கணக்கு எழுபதைத் தாண்டியபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கு என்ன, ஊதிய உயர்வா குடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

(டூடூயிஸ்ட் என்று ஒரு பிரபலமான செயலி உண்டு. நான் வைத்திருந்தது அது இல்லை. அதில் வேலை முடித்தால் புள்ளி தருவார்கள். அந்தப் புள்ளிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? கர்மா! பால்காரருக்குக் காசு கொடுத்து டிக் அடித்தால் கர்மா ஏறும். நம் ஆட்கள் இவ்வளவு எளிதாக இதற்கு வழி சொல்லவில்லை.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பட்டியலில் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு வேலை. வாராவாரம் தானாக வரும்படி போட்டிருந்தேன். என் பழைய வகுப்புத் தோழனுக்குப் போன் செய்வது. பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான். பிரெஞ்சுப் பள்ளியில் ஒரே பெஞ்சு. மனைவி போய் ஆறு வருடம். மகன் பிரான்சில். முத்தியால்பேட்டையில் சொந்த வீட்டில் மாடியில் தனியாக இருந்தான். கீழே ஒரு குடும்பம் வாடகைக்கு.

செயலி வருவதற்கு முன்பும் அவனுக்குப் போன் செய்வேன். தோன்றும்போது செய்வேன். இரண்டு வாரம் விட்டுப்போகும், பிறகு ஒரு நாள் கடற்கரையில் யாரோ சிரிப்பதைக் கேட்டு அவன் ஞாபகம் வந்து, அங்கேயே நின்று ஒரு மணி நேரம் பேசுவேன். செயலியில் போட்ட பிறகு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஆனால் பேச்சு குறைந்தது. நாற்பது நிமிடம் இருபதானது, இருபது ஐந்தானது. மோட்டாருக்கும் பால் கணக்குக்கும் நடுவே அவன். "என்னடா, நல்லாயிருக்கியா? சாப்ட்டியா? சரிடா வெச்சிடட்டுமா?" டிக்.

ஒரு ஞாயிறு அவன் எடுக்கவில்லை. சரி, குளிக்கிறானாக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு காலை வணக்கப் படத்தை அனுப்பினேன். பூ, சூரியன், ஒரு பொன்மொழி. செயலியில் டிக் அடித்தேன். அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. இன்னொரு படம், இன்னொரு டிக். அவனுக்குப் போன முதல் படத்தின் கீழே இன்னும் ஒற்றைச் சாம்பல் டிக்தான் இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் என்றால் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஒரு வாரமாக அவன் போன் அணைந்தே கிடக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்தேன். பார்த்தும் என் மூளையில் ஏறவில்லை, ஏனென்றால் என் பட்டியலில் அந்த வேலை முடிந்துவிட்டது.

மூன்றாவது வாரம் பெரிய மார்க்கெட்டில் இன்னொரு வகுப்புத் தோழன் பிடித்துக்கொண்டான். "ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தியாடா?" என்றான். "யாரை?" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ராத்திரி குளியலறையில் விழுந்திருக்கிறான். இடுப்பு எலும்பு முறிவு. காலையில் கீழ் வீட்டு அம்மாள் குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும் சத்தம் கேட்டு ஏறிப் பார்க்கும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறான். திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும் என்றபோது, கையெழுத்துப் போட்டது அந்தக் கீழ் வீட்டு அம்மாள். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில், சைக்கிளில் பத்து நிமிட தூரத்தில், அறுபது வருடப் பழக்கமுள்ள நான் இருந்தேன். என் செயலியில் அந்த மூன்று வாரமும் பச்சை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் முகம்தான் வரும் என்று நினைத்தேன். வந்தது வேறு முகம். 1986-ல் பார்த்த முகம்.

அப்போது நான் யு.டி.சி. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. தபால் வந்தால் டைரியில் ஏறும். வரிசை எண், வந்த தேதி, யாரிடமிருந்து, என்ன விஷயம், யாருக்குக் கொடுத்தது, எப்படி முடிந்தது, எந்தத் தேதியில் முடிந்தது. அந்தக் கடைசி இரண்டு கட்டம்தான் ஒரு குமாஸ்தாவின் ஜாதகம். அது காலியாக இருந்தால் நிலுவை. நிலுவைப் பட்டியல் வாராவாரம் மேலே போகும், மாதக் கடைசியில் மொத்தமாகப் போகும். நிலுவை அதிகம் உள்ளவன் சோம்பேறி, நிலுவை இல்லாதவன் கெட்டிக்காரன். என்னோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஒரு கடிதத்தை "முடித்த" கணக்கில் எழுத அதை முடிக்கத் தேவையில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு குறையைக் கண்டுபிடித்து, விளக்கம் கேட்டு வந்த இடத்துக்கே திருப்பிவிட்டால் போதும். நம் டைரியில் கட்டம் நிறைந்துவிடும். நிலுவை அங்கே போய்விடும்.

ஒரு கடைநிலை ஊழியர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். 1972-ஆம் வருட ஓய்வூதிய விதிகளில் படிவம் 14. சாதாரண விஷயம். தாள்களைப் புரட்டினேன். கணவரின் பணிப்பதிவேட்டில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் நம் பெயரில் வரும் 'உ' என்ற ஓசைக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்துப் போடுவார்கள். 'அம்மாள்' என்பதன் கடைசியில் இரண்டு எல், ஓர் இ. எத்தா சிவில் பதிவில் உள்ள அந்த எழுத்துதான் பணிப்பதிவேட்டில் ஏறியிருந்தது. ரேஷன் கார்டை எழுதியவருக்கு இங்கிலீஷ்தான் தெரியும். இங்கிலீஷ் மட்டும் படித்தவன் பார்த்தால் அது இரண்டு வெவ்வேறு பெண்கள் போலத் தெரியும். எனக்கு அப்படித் தெரிய வழியே இல்லை. நான் படித்ததே பிரெஞ்சில். அந்தப் பிரிவில் இரண்டு பெயரும் ஒன்றுதான் என்று ஒரு பார்வையில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்.

அன்று தேதி முப்பது. நிலுவைப் பட்டியல் நாளைக்குப் போக வேண்டும். "பெயரில் வேறுபாடு உள்ளது, விளக்கம் தேவை" என்று எழுதித் திருப்பிவிட்டேன். டைரியில் கட்டம் நிறைந்தது.

மூன்று மாதம் கழித்து நோட்டரி பத்திரத்தோடு திரும்பி வந்தது. சாட்சிக் கையெழுத்து ஒன்று குறைவு. அதுவும் மாதக் கடைசி. மறுபடி திருப்பினேன். அந்த இரண்டு மாதமும் என் நிலுவை பூஜ்யம். சூப்பிரண்டு எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

பிறகு ஒரு நாள் அந்த அம்மாளே வந்துவிட்டார். பையில் தாள்கள், இடுப்பில் ஒரு குழந்தை. பேத்தியாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கணவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கம்மலை எப்போதோ வைத்தாகிவிட்டது, காதில் ஈர்க்குச்சி. "எம் பேரு ஒண்ணுதாங்க ஐயா. எழுதறவங்கதான் ரெண்டா எழுதிட்டாங்க" என்றார். அதில் என் மீது குற்றம் எதுவும் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொன்னார், அவ்வளவுதான். அன்று மாலையே நான் உட்கார்ந்து, பிரெஞ்சு எழுத்துமுறை, ஆங்கில எழுத்துமுறை, இரண்டும் ஒரே பெயர் என்று அரைப் பக்கம் குறிப்பு எழுதினேன். இருபது நிமிட வேலை. எட்டு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய இருபது நிமிடம். பணம் கைக்குப் போகும்போது மொத்தம் பதினொரு மாதம். நிலுவைத் தொகையோடு வந்தது உண்மைதான். கம்மல் மூழ்கிப்போனதும் உண்மைதான். வாங்கிய பிறகு வந்து, "நீங்க எழுதினதாலதான் ஐயா கெடச்சுது" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்னும் என் மேல் நிலுவையில்தான் இருக்கிறது.

இப்போது அந்த இளைஞரிடம் கேட்கிறேன். தம்பி, நீங்கள் எங்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பது புதுசு இல்லை. அந்த டைரியை முப்பத்தெட்டு வருடம் நான் எழுதியிருக்கிறேன். டேவிட் ஆலன் என்ற அமெரிக்கர் 2001-ல் ஒரு புத்தகம் போட்டு, உங்கள் உலகத்தையே மாற்றினார் என்று சொல்கிறீர்கள். அவர் சொல்லும் நாற்பத்து மூன்று கோப்பு என்னவென்று பார்த்தேன். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, நாளுக்கு ஒன்றாக முப்பத்தொன்று. அந்தந்தத் தேதியில் எடுத்துப் பார்க்க வேண்டிய தாளை அந்தந்தக் கோப்பில் வைப்பது. எங்கள் ஊரில் இதற்கு நினைவூட்டு டைரி என்று பெயர். புதிதாக வருகிற எல்.டி.சி.க்கு முதல் வாரத்தில் கற்றுக்கொடுப்பது அது. அந்த நாலு கட்டத்துக்கு ஐசனோவர் பெயரைச் சொன்னீர்கள். அவர் 1954-ல் ஒரு கூட்டத்தில் பேசியது அது. அதையும் ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னது என்றுதான் அவர் சொன்னார். நாலு கட்டமாக்கி ஊரெங்கும் பரப்பியது ஸ்டீபன் கவி, 1989-ல். போகட்டும். எங்கள் கோப்புகளில் 'உடனடி' என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவார்கள். ஒரு கட்டத்தில் எல்லாக் கோப்பிலும் அந்தச் சீட்டு இருந்தது. அதன் பிறகு சீட்டு இல்லாத கோப்பைத்தான் ஆச்சரியப்பட்டு முதலில் எடுத்துப் பார்த்தோம்.

அந்த டைரியில்கூட ஒரு நல்லது இருந்தது. அதை இன்னொருவர் பார்ப்பார். நான் முடித்தேன் என்று எழுதியதை சூப்பிரண்டு ஒரு நாள் திறந்து, "எப்படி முடிந்தது?" என்று கேட்கலாம். கேட்காமல் பாராட்டினார், அது என் அதிர்ஷ்டம், அந்த அம்மாளின் துரதிர்ஷ்டம். ஆனால் கேட்க ஒரு கட்டமாவது இருந்தது. உங்கள் செயலியில் 'எப்படி முடிந்தது' என்ற கட்டமே இல்லை. வேலை கொடுப்பவனும் நான், செய்பவனும் நான், முடிந்தது என்று சான்று கொடுப்பவனும் நான். எந்த அலுவலகத்தில் இப்படி ஓர் ஏற்பாடு வைத்திருந்தாலும் தணிக்கைக்காரன் சிரிப்பான்.

மூளை காலியாகும் என்றீர்கள். அது உண்மை, மறுக்கவில்லை. பெர்லினில் ஆராய்ச்சி செய்த ப்ளூமா ஸைகார்னிக் என்ற பெண்மணி 1927-லேயே எழுதியிருக்கிறார். முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலைதான் மனதில் அதிகம் நிற்கிறது என்று. 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இன்னொன்று கண்டார்கள். அந்த வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே மனம் அதை அரிப்பதை விட்டுவிடுகிறது என்று. செயலி விற்பவர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. வேலை நடக்காமலே மனம் அமைதியாகிவிடுகிறது என்கிறார்களே, அது நல்ல செய்தியா? வீட்டு வரி விஷயத்தில் நல்ல செய்திதான். தனியாக இருக்கும் நண்பன் விஷயத்தில்? சில விஷயங்கள் மனதை அரிக்கத்தான் வேண்டும். அந்த அரிப்பு இருந்தவரை நான் அவனோடு ஒரு மணி நேரம் பேசினேன். அரிப்பைச் செயலியிடம் கொடுத்த பிறகு ஐந்து நிமிடம் பேசினேன்.

பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு. மறக்காமல் இருக்க எழுதி வைக்கும் குறிப்புக்கு 'பான்ஸ்-பெத்' என்பார்கள். 'பான்ஸ்' என்றால் நினைப்பது, 'பெத்' என்றால் மிருகம், மடையன். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். சீட்டு எழுதுகிறவனை அது புத்திசாலி என்று சொல்லி ஏமாற்றுவதில்லை. பள்ளியில் எங்களுக்கு 'கயே தெ தெக்ஸ்த்' என்று ஒரு நோட்டு இருந்தது. எந்த நாளுக்கு எந்தப் பாடம் முடித்து வர வேண்டும் என்று அதில் எழுதிக்கொள்ள வேண்டும். அதில் டிக் அடிப்பது என்ற பேச்சே கிடையாது. பாடம் படித்தாயா இல்லையா என்பது மறுநாள் முசே கரும்பலகைக்குக் கூப்பிடும்போது தெரியும். என் தோழன் ஒரு தடவை எல்லாப் பாடத்துக்கும் எதிரே தானே சிவப்பு மையில் டிக் அடித்து வைத்திருந்தான். முசே நோட்டைப் பார்த்து, "அழகாக இருக்கிறது, இப்போது ஒப்பிக்கிறாயா?" என்றார். வகுப்பே சிரித்தது. அறுபது வருடம் கழித்து அந்தச் சிவப்பு மையை நான் அவனுக்கே எதிராகப் பயன்படுத்திவிட்டேன் பாருங்கள்.

வேலையைச் சின்னச் சின்னதாக உடைக்கச் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1955-ல் ஒரு கிண்டல் கட்டுரை எழுதினார். இருக்கிற நேரம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வேலை பெருகும் என்ற அவருடைய விதி அதில்தான் வந்தது. அதில் வேலை இல்லாத ஒரு கிழவி உறவுப் பெண்ணுக்கு ஓர் அஞ்சலட்டை எழுத நாள் முழுதும் எடுத்துக்கொள்கிறாள். அட்டையைத் தேட ஒரு மணி, கண்ணாடியைத் தேட ஒரு மணி, முகவரிக்கு அரை மணி. வேலையில் இருந்தபோது நானும் சிரித்தேன். இப்போது அந்தக் கிழவி பக்கம்தான் நான். அட்டை போய்ச் சேர்ந்ததா இல்லையா? அவளிடம் செயலி இருந்திருந்தால் அட்டை தேடியதற்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என்று சாயங்காலத்துக்குள் ஆறு டிக் வாங்கியிருப்பாள். அட்டை மேஜை மேலேயே இருந்திருக்கும்.

மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? "மாமா, தப்பு ஆப் மேல இல்ல, நீங்க டிக் அடிச்சதுலதான்" என்றார். ஒப்புக்கொள்கிறேன். தப்பு என்னுடையதுதான். 1986-லும் தப்பு டைரியுடையது இல்லை. ஆனால் நாள் தவறினால் சிவப்பு, தொட்டால் இனிய சத்தம், தொடர்ந்து முடித்தால் கணக்கு என்று எல்லாவற்றையும் டிக் பக்கமே சாய்த்து வைத்துவிட்டு, சாய்ந்தவன் மேல் பழி போட்டால் எப்படி? நிலுவைப் பட்டியலைக் கேட்டவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நாங்கள் திருப்பி அனுப்பச் சொல்லவில்லையே என்று. "பட்டியலை அத்தையோட ஷேர் பண்ணுங்க, அவங்களும் பார்ப்பாங்க" என்றும் சொன்னார். அவர் அத்தை, அதாவது என் மனைவி, முந்தானையில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறவள். அந்த முடிச்சு இடுப்பில் உறுத்திக்கொண்டே இருக்கும். வேலை முடிந்தால்தான் அவிழ்ப்பாள். சமையலறை நாள்காட்டித் தாளில் பால், கேஸ், யார் வீட்டு விசேஷம் என்று கிறுக்கி வைப்பாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் அதைப் படிப்பார்கள். வேலைக்கு வரும் பெண்கூட, "அம்மா, இன்னிக்கு அந்த வளைகாப்பு, போலியா?" என்று கேட்கும். இதைவிட என்ன ஷேர் வேண்டும்?

வயதானால் மறதி வருமே என்பீர்கள். வரும். மாத்திரைக்கு அந்தச் செயலி இன்னும் என்னிடம் இருக்கிறது, காலை எட்டு, இரவு எட்டு. நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும் என்பதையும் அதிலேயே போட்டிருக்கிறேன். 2014-லிருந்து அதை வீட்டிலிருந்தே கைரேகை வைத்துக் கொடுக்க முடிகிறது, பெரிய உபகாரம். அங்கேயும் பாருங்கள், நான் டிக் அடித்ததால் நான் உயிரோடிருப்பதாக அரசாங்கம் நம்புவதில்லை. விரலைக் கேட்கிறது. அந்த மாதிரி வேலைக்கெல்லாம் செயலி சரி. மாத்திரை விழுங்கினால் விழுங்கியதுதான், கரண்ட் பில் கட்டினால் கட்டியதுதான். வாழ்நாள் முழுதும் எழுதி வைப்பதை அங்கே வைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வுண்டர்லிஸ்ட் என்று பெர்லின்காரர்கள் செய்த ஒரு செயலி, உலகமெங்கும் வைத்திருந்தார்கள். 2015-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2020 மே 6-ஆம் தேதி மூடிவிட்டது. எங்கள் எத்தா சிவில் பதிவேட்டில் பாட்டன் பூட்டன் பெயரை இன்றும் தேடி எடுக்கலாம்.

ஆளைப் பற்றிய எதையும் இப்போது நான் அதில் போடுவதில்லை. அவன் பெயரை எடுத்துவிட்டேன். எடுக்கும்போது, 'இந்த வேலையை நிரந்தரமாக நீக்கவா?' என்று கேட்டது. சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். மாடி ஏற முடியாது என்று கீழ் வீட்டு அம்மாள் தன் முன்னறையையே கொடுத்திருக்கிறார், வாடகைக்கு இருப்பவர்! நான் முதல் நாள் போனபோது அந்தச் சிவப்பு மைக் கதையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், செயலியைத் திறந்து அந்த மூன்று பச்சை டிக்கையும் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தான். "அழகாத்தான்டா இருக்கு" என்றான். அப்புறம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தான், நான் தோளைக் கொடுத்தேன். வாசல் வரைக்கும் போய்த் திரும்ப எங்களுக்குக் கால் மணி ஆயிற்று.

இப்போது சாயங்காலம் போகிறேன். கிழமை வைத்துக்கொள்ளவில்லை. நேற்று போகவில்லை, மழை. இன்று போக வேண்டும், பெரிய மார்க்கெட்டில் அவனுக்குப் பிடித்த சங்கரா மீன் வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டு.